நிற்கிற நேரத்துக்கு யார் காசு கொடுப்பது?

நாமக்கல்லில் எந்த லாரி ஆபீஸில் போய் உட்கார்ந்தாலும் ஒரே புலம்பல்தான்: "டிரைவரே கிடைக்கிறதில்லைங்க." லோடு இருக்கிறது, வண்டி இருக்கிறது, ஓட்டத்தான் ஆள் இல்லையாம். இந்தக் காலத்துப் பையன்களுக்கு உடம்பு வளையாது என்று கூடவே ஒரு தீர்ப்பும் வரும். லாரி ஓட்டுகிற எனக்குக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. உடம்பு வளையாமல் இல்லை, அந்தப் பையன்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

என்ன கணக்கு? வெளிமாநிலம்வரை போகிற லைன் வண்டி டிரைவருக்கு ஓடினால்தான் காசு. வாடகையில் இத்தனை சதவீதம் என்றோ, ஒரு நடைக்கு இவ்வளவு பேட்டா (படிக்காசு) என்றோ பேசுவார்கள். வண்டி நிற்கிற நேரம் அந்தப் பேச்சில் எங்கேயும் வராது. ஆனால் இந்தத் தொழிலில் ஓடுவதைவிட நிற்பதுதான் உயிரை எடுக்கிறது.

மும்பைக்குப் பக்கத்தில் பிவண்டியில் ஒரு பெரிய கோடவுன். ராத்திரி போய்ச் சேர்ந்தேன். "சைடு மே லகாவ்", ஓரமாப் போடு என்று செக்யூரிட்டி கையைக் காட்டிவிட்டு டோக்கனைக் கொடுத்தார். எனக்கு முன்னால் நீளமாக வரிசை. தூங்கலாம் என்றால் முன்வண்டி நகரும்போது நாமும் நகர வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் இருப்பவன் நுழைந்துவிடுவான். கக்கூஸ் உள்ளே இருக்கிறது, டிரைவருக்கு அனுமதி இல்லை. மறுநாள் சாயங்காலம்தான் சரக்கை இறக்கினார்கள். இறக்கி முடித்ததும் இரண்டு பெட்டி நசுங்கியிருக்கிறது என்று வாடகை பேலன்ஸில் பிடித்தம். தார்ப்பாயைக் கட்டியது நான், அதனால் பழியும் என் தலையில். வண்டியை நிறுத்திவைத்ததற்கான ஹால்டிங் காசு கேட்டால் சரக்குக்காரப் பார்ட்டி, லோடு பிடித்துக் கொடுத்த புரோக்கரைக் கேட்கச் சொல்கிறார், புரோக்கர் போனை எடுப்பதில்லை. அப்படியே வந்தாலும் அது ஓனர் கையோடு நின்றுவிடும். நின்ற நேரத்துக்குச் சாப்பாடு, டீ எல்லாம் என் பேட்டாவிலிருந்து.

இதே நான் ரோட்டில் தாமதமானால் என்ன நடக்கும் தெரியுமா? சரக்கோடு போகிற ஜிஎஸ்டி சீட்டான ஈ-வே பில்லுக்குக் காலக்கெடு உண்டு. முன்பு ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் ஓடினால் போதும் என்றிருந்ததை 2021 ஜனவரியிலிருந்து 200 ஆக்கினார்கள். கெடு தாண்டி வண்டி மாட்டினால் அபராதம். ரோட்டில் எனக்குக் கெடு வைக்கத் தெரிந்தவர்களுக்குக் கோடவுன்காரனுக்கு ஒரு கெடு வைக்கத் தெரியவில்லை.

அப்புறம் டிரைவருக்கு உதவியாக வரும் கிளீனர். இப்போது பெரும்பாலான வண்டிகளில் ஆளே கிடையாது. டயர் தட்டிப் பார்ப்பது, தார்ப்பாய், கயிறு, ரிவர்ஸுக்குப் பின்னால் பார்ப்பது எல்லாம் ஒண்டி ஆள். கிளீனர் வேலை என்னிடம் வந்துவிட்டது, கிளீனர் பேட்டா வரவில்லை.

ஓனரை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. நம்ம பக்கம் நிறைய ஓனர்கள் ஒற்றை வண்டிக்காரர்கள், நேற்றுவரை ஸ்டியரிங் பிடித்தவர்கள்தான். 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கில் கச்சா எண்ணெய் விலை தரைக்கு வந்த நேரத்தில், டீசலுக்கு ஒரே அடியாக லிட்டருக்கு 13 ரூபாய் வரி ஏற்றினார்கள். பிறகு குறைத்தார்கள், ஆனால் அதற்குள் எத்தனை பேர் வட்டிக்கு வாங்கி வண்டிக் கடன் டியூ கட்டினார்கள்! டோல் வருஷா வருஷம் ஏப்ரலில் ஏறுகிறது. கார்காரர்களுக்கு 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு டோல் வருட பாஸ் கொண்டுவந்தார்கள். லாரிக்கு அப்படி ஒன்றும் கிடையாது. 2018இல் 10 சக்கர வண்டியின் மொத்த எடையை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக ஏற்றினார்கள். நல்லதுதானே என்று தோன்றும். எல்லா வண்டியிலும் கூடுதல் சரக்கு ஏறினால் லோடுக்கு அடிதடிதான், டன் வாடகையை அடித்துப் பேசுவது பார்ட்டிக்குச் சுலபமாகிவிட்டது. இந்த எல்லா நஷ்டமும் உருண்டு உருண்டு கடைசியில் டிரைவர் பேட்டாவில்தான் வந்து நிற்கிறது.

சட்டம் இல்லையா? 1961லேயே மோட்டார் தொழிலாளர் சட்டம் போட்டார்கள், 2025 நவம்பர் வரை அது இருந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஆனால் 5 பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் அது கட்டாயம் என்று எழுதி வைத்தார்கள். ஒற்றை லாரி ஓனரிடம் ஐந்து டிரைவருக்கு எங்கே போவது?

இப்போது புது லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம், 2025 அக்டோபரிலிருந்து. சந்தோஷம். ஆனால் கோடவுன் வரிசையில் நிற்கும்போது டீசல் எரித்து ஏசி போட்டால் அந்த டீசலை யார் கணக்கில் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். உலகத்தின் நான்காவது பெரிய பொருளாதாரம் என்று 2025இல் மார்தட்டினார்கள். 2024 ஜனவரியில், விபத்தில் உயிர் போய், தகவல் சொல்லாமல் ஓடினால் 10 வருஷம் வரை ஜெயில் என்ற சட்டத்தை எதிர்த்து வடக்கே டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்களே, ஒரே நாளில் பெட்ரோல் பங்குகளில் கூட்டம் முண்டியடித்தது. நாங்களாக நின்றால் நாட்டுக்கு நஷ்டம், எங்களை நிற்கவைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை!

நின்ற நேரத்துக்கு ஆதாரம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். எந்த டோல்கேட்டை எத்தனை மணிக்குத் தாண்டினேன் என்று ஃபாஸ்டேக் ஓனர் போனுக்கு மெசேஜ் அனுப்புகிறது. டீக்கடையில் கால் மணி நேரம் ஓரம்கட்டினால் "ஏன் தம்பி வண்டி நிக்குது?" என்று போன் வருகிறது. அதே ஜிபிஎஸ்ஸில் கோடவுன் வாசலில் நின்ற நேரமும் நிமிஷம் பிசகாமல் இருக்கிறது. அதை எடுத்துப் பாருங்கள். இத்தனை மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினால் மணிக்கு இவ்வளவு, அதில் டிரைவருக்கு இவ்வளவு என்று வாடகை பேசும்போதே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.