கடைசி எழுத்தை மட்டும் பார்த்தால் தப்பு வரும்

ஆங்கிலத்தில் ஒன்று யாருடையது என்று காட்ட அப்பாஸ்ட்ரபி (') என்ற குறியைப் போடுகிறோம். "எஸ்ஸில் முடியும் சொல்லுக்குப் பின்னால் அப்பாஸ்ட்ரபி மட்டும் போதும், பன்மை என்றால் எப்போதும் எஸ்ஸுக்குப் பிறகுதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. இதை அப்படியே நம்பினால் சில்ட்ரன், மென், விமன் மூன்றிலும் பிழை விழும்.

குறியை முதலில் மறந்துவிடுங்கள். உடைமையாளர் ஒருவரா பலரா என்று பார்த்து அந்தச் சொல்லை முழுசாக எழுதுங்கள். பல மாணவர்கள் என்றால் ஸ்டூடன்ட்ஸ்; பன்மையே எஸ்ஸில் முடிவதால் பின்னால் வெறும் குறி. சில்ட்ரன் ஏற்கெனவே பன்மை, கடைசி எழுத்து 'என்'. ஆகவே குறி, பிறகு எஸ். குறியை எஸ்ஸுக்கு அப்பால் தள்ளினால் அதன் இடப்பக்கம் 'சில்ட்ரன்ஸ்' என்று மிஞ்சும். அப்படியொரு பன்மையே ஆங்கிலத்தில் கிடையாது. சந்தேகம் வந்தால் குறிக்கு இடப்பக்கம் உள்ளதை மட்டும் படித்துப் பாருங்கள், அதுதான் உடைமையாளர்.

மேலாளரைக் குறிக்கும் 'பாஸ்' எஸ்ஸில் முடிந்தாலும் ஒருமை. ஒரே மேலாளரின் அறை என்றால் குறியும் இன்னொரு எஸ்ஸும் வேண்டும். பல மேலாளர்கள் என்றால் 'ஈ, எஸ்' சேர்த்துப் பன்மையாக்கிய பிறகு குறி. உச்சரிப்பு இரண்டுக்கும் ஒன்றேதான், அதனால் காதை நம்பி எழுத முடியாது.

ஜேம்ஸ் போன்ற பெயர்களுக்கு மட்டும் வெறும் குறி, குறியோடு எஸ் என்ற இரண்டு முறையும் வழக்கில் உண்டு. ஒன்றை எடுத்துக்கொண்டு கட்டுரை முழுக்க அதையே பின்பற்றுங்கள். 'டூ வீக்ஸ் நோட்டீஸ்' என்பதிலும் வீக்ஸுக்குப் பின் குறி உண்டு, பலர் விட்டுவிடுகிறார்கள்.