காமெடியன் கதாநாயகன் ஆகக் கூடாதா?

கார்களே பாத்திரங்களாக வரும் 'கார்ஸ் 2' அனிமேஷன் படம் கெட்டுப்போனதற்கு மேட்டர் என்ற இழுவை வண்டிதான் காரணம், ஓரத்தில் நின்று சிரிக்க வைக்க வேண்டிய பாத்திரத்தை நடுவில் நிறுத்திவிட்டார்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

2006-இல் வந்த முதல் படத்திலேயே அதன் நாயகனான பந்தயக் கார் மெக்வீனின் கதை முடிந்துவிட்டது. கர்வம் பிடித்தவன் திருந்தினான், சரி. அவனை இன்னொரு முறை திருத்துவதா? இரண்டாம் படத்தில் வருவதுபோல, துருப்பிடித்த இழுவை வண்டியான மேட்டரை ஒற்றன் என்று தப்பாக நினைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

மேட்டரை வெறும் முட்டாள் என்பவர்கள் ஒற்றர்கள் அவனிடம் ஒரு எஞ்சினின் புகைப்படத்தைக் காட்டும் காட்சியை மறுபடி பார்க்கட்டும். தேர்ந்த ஒற்றர்கள் முழிக்கிறார்கள். இவனோ ஒரு பார்வையில் அலுமினிய வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், விட்வொர்த் போல்ட் என்று சொல்லிவிடுகிறான். கடைசியில் வில்லன் மாட்டுவதும் அந்த போல்ட்டால்தான். (விட்வொர்த் நிஜமாகவே 1841-இல் வந்த பழைய பிரிட்டிஷ் அளவு. சாதாரண ஸ்பேனர் அதில் சரியாக உட்காராது.) பழைய வண்டிகளோடு புழங்கியவனுக்குத்தானே அது தெரியும்?

அப்புறம் மேட்டர் உடம்பில் இருக்கும் அந்த ஒடுக்குகள். மாறுவேஷத்துக்காகத் தட்டி நிமிர்த்தலாம் என்றால் விடமாட்டேன் என்கிறான். ஒவ்வொன்றும் நண்பன் மெக்வீனோடு இருந்தபோது விழுந்ததாம். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். குழந்தைகள் படத்தில் இத்தனை துப்பாக்கி வேண்டாம். ஒரு ஒற்றன் கார் சித்திரவதையில் சாவதும் அதிகம்தான். ஆனால் அந்தப் பழியைத் தூக்கி மேட்டர் தலையில் போடாதீர்கள்.