இரண்டு பெட்டி உயரச் சுவர்

லெப்டினன்ட் ஜான் சார்ட் என்றதும் ஆங்கிலேயரின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவையும், தென்னாப்பிரிக்காவில் ஜூலு அரசுக்கு எதிரான ஆங்கிலேயப் போரில் நடந்த ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் சண்டை ஒன்றுக்காகவே அதைப் பதினொரு பேர் பெற்ற பெருமையும்தான் பேசப்படுகின்றன. எனக்கோ அன்று பிற்பகல் அவர் மனத்துக்குள் போட்ட ஒரு கணக்குதான் பெரிதாகப் படுகிறது.

பொறியாளர் படையைச் சேர்ந்த சார்ட், பஃபலோ ஆற்றின் மிதவைகளைப் பழுதுபார்க்கத்தான் அங்கு வந்திருந்தார். 1879 ஜனவரி 22 அன்று, அருகிலுள்ள இசாண்டல்வானாவில் ஜூலு படையின் தாக்குதலில் ஆங்கிலேயர் தரப்பில் 1,300 பேருக்கு மேல் மாண்ட செய்தி வந்தது. நோயாளிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் வெட்டவெளியில் சிக்கிக்கொள்வோம் என்று எச்சரித்து, அங்கேயே நின்று போரிடச் சொன்னவர் உணவுக் கிடங்கைக் கவனித்த டால்டன். மருத்துவமனையையும் கிடங்கையும் இணைத்து மக்காச்சோள மூட்டைகளால் அரண் எழுந்தது. துணைக்கு நின்ற, ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த நேட்டால் பகுதியின் படையினர் விலகிப் போனதும், எஞ்சிய சுமார் 150 பேரால் அவ்வளவு நீளத்தைக் காக்க முடியாது என்பதைச் சார்ட் கண்டுகொண்டு, அரணின் குறுக்கே பிஸ்கட் பெட்டிகளை அடுக்கி உள்சுவர் ஒன்றை எழுப்பத் தொடங்கினார். அது இரண்டு பெட்டி உயரம்கூட எழாத வேளையில் ஜூலு படை கண்ணில் பட்டது. பிறகு மருத்துவமனைக் கூரை தீப்பற்றி எரிந்தபோது, அறைச் சுவர்களைக் குடைந்து வெளியே இழுத்துவரப்பட்ட நோயாளிகளுக்குப் புகலிடம் தந்தது அந்தப் பெட்டிச் சுவர்தான். அப்போதுதான் கட்டிய அரணில் பாதியை விட்டுக்கொடுக்க நேரும் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்? அவருடைய வீரத்தின் உயிர்நாடி இதுதான் என்பேன்.

ஆனால் அந்தப் போரை என்னால் போற்ற முடியாது. லண்டன் அரசின் ஒப்புதல் இல்லாமலேயே, தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேய உயர் ஆணையராக இருந்த பார்ட்டில் ஃப்ரீர் 1878 டிசம்பரில் ஜூலு அரசர் செட்ஷ்வாயோவுக்குக் கெடு விதித்து, படை அமைப்பையே கலைக்கச் சொன்னார். எந்த அரசரும் ஏற்க முடியாத நிபந்தனை அது. கெடு முடிந்ததும் ஆற்றைக் கடந்து முதலில் பிறர் மண்ணில் நுழைந்தது ஆங்கிலேயப் படையே.

அன்றிரவு மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்கு எதிரே, பெரும்பாலும் ஈட்டியும் கேடயமுமாக, விழுந்தவர்களின் உடல்மீதே ஏறிச் சுவரைத் தொட முயன்றவர்களின் துணிவு எவ்வகையிலும் குறைந்ததன்று. சுவரைச் சுற்றி ஆங்கிலேயர் எண்ணிய ஜூலு உடல்கள் 351. காயம்பட்டு நகர முடியாமல் கிடந்தவர்களில் பலரை மறுநாள் கொன்றார்கள். அதை மறைத்துவிட்டுச் சார்டைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.