ஓடிபி போனது கொழும்புக்கு, திட்டு விழுந்தது அக்காவுக்கு

போனில் பேசிய திருடனிடம் ஓடிபியை (வங்கி எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் ஒருமுறை ரகசிய எண்ணை) சொல்லி, அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் காசைப் பறிகொடுத்த தோட்டத்து அக்கா ஒருவரின் வீடியோவுக்குக் கீழே வந்த கருத்துகளைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "தோட்டத்து ஆட்களுக்கு எதுக்குப் போன் பேங்கிங்?" என்று கேட்டவர்களில் நம்மவர்களும் உண்டு. அதுதான் கூடுதலாக வலிக்கிறது.

அவருடைய கணக்குக்கு வந்த ஓடிபி எஸ்எம்எஸ் எந்த மொழியில் இருந்தது? ஆங்கிலத்தில். யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கையும் ஆங்கிலத்தில்தான். போனில் பேசிய திருடன் நல்ல தமிழில் பேசினான்.

தமிழில் அனுப்பினால் செலவு கூடும் என்பீர்கள், வங்கிக்காரர்களே. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70தான், உண்மை. ஆனால் "பணம் வெளியே போகிறது. எண்ணைச் சொல்லாதீர்கள்" என்பது ஓடிபியின் 6 இலக்கத்தோடு சேர்த்தும் அந்த 70க்குள் அடங்கும். எண்ணிப் பாருங்கள். பழைய பட்டன் போனில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதும் சரி. அதனால்தான் கணக்குத் திறக்கும்போதே எந்த மொழி வேண்டும் என்று கேளுங்கள் என்கிறோம்.

"ஓடிபியைச் சொல்லாதே என்று எத்தனை தரம் சொல்வது?" என்றும் கருத்துகளில் கேட்டிருந்தார்கள். எத்தனையோ லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) கணக்கு அம்மாவின் பெயரில், பதிந்த நம்பர் கொழும்பில் கடையில் நிற்கும் மகனுடையது. ஓடிபி அவனுக்குப் போகும், அவன் போனில் வாசித்துச் சொன்னால்தான் இங்கே வேலை நடக்கும். ஓடிபியைப் போனில் பேசிக்கொள்வதே பழகிவிட்ட வீட்டில், திருடனின் கேள்வி அம்மாவுக்கு வித்தியாசமாகவே படாது. இதற்கு அவரையா திட்டுவது?

வெளியூரில் இருக்கும் தம்பி, தங்கச்சிமார் அடுத்த லீவுக்கு வரும்போது அடையாள அட்டை, பாஸ்புக்கோடு அம்மாவைக் கிளைக்குக் கூட்டிப்போய் நம்பரை மாற்றுங்கள். சிம்மும் அவர் பெயரில் இருக்கட்டும். கணக்குக்குக் காசு வர ஓடிபி தேவையே இல்லை, வெளியே போகத்தான் தேவை. இந்த ஒன்றை மட்டும் அவருக்கு மனசில் பதிய வையுங்கள். ஏமாந்துவிட்டால் திங்கட்கிழமைவரை காத்திருக்காதீர்கள். உடனடிப் பரிமாற்றத்தில் காசு அந்த நேரமே கைமாறிவிடும். முதலில் வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்கு அழைத்துக் கணக்கை முடக்குங்கள், பொலிஸ் அதற்குப் பிறகு. வங்கி கைவிரித்தால் மத்திய வங்கியின் 1935க்கு முறையிடுங்கள்.

1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அக்காவுக்கு அறிவுரை எழுதிய அத்தனை பேரும், அந்த எஸ்எம்எஸ்ஸை ஏன் தமிழில் அனுப்பவில்லை என்று வங்கிக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்.