தாளம் மட்டும் தெரிந்தவன்

போன ஞாயிறு மதியம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் அக்கா வீட்டில் சாப்பாடு. பேச்சு எங்கெங்கோ போய்ப் படங்களின் பின்னணி இசையில் வந்து நின்றது. "டிரம்ஸ் அடிக்கிறவன் எப்படித் தம்பி இசையமைப்பான்? அவனுக்குத் தெரிந்தது தாளம் மட்டும்தானே" என்றார் அத்தான். பதினாறு வருடமாகக் கோயிலில் தப்பு அடிக்கிறவன் நான். அதற்குமேல் சோறு இறங்குமா?

ஸ்டூவர்ட் கோப்லண்டின் கதையை எடுத்துவிட்டேன். 'தி போலீஸ்' ராக் குழுவின் டிரம்மர். குழு உச்சத்தில் இருந்த 1983இல்தான் ஹாலிவுட் இயக்குநர் கொப்போலாவின் 'ரம்பிள் ஃபிஷ்' படத்துக்கு இசையமைத்தார். காலம் கரைந்துகொண்டே போகிறது என்பதைத் தாளத்தால் சொல்ல நினைத்த கொப்போலா, முதலில் அதைத் தானே செய்யப் பார்த்தார். முடியவில்லை. துணைக்குக் கூப்பிட்ட டிரம்மரின் கைவரிசையைக் கண்டதும் மொத்தப் பொறுப்பையும் அவரிடமே கொடுத்துவிட்டார். கோப்லண்ட், படம் எடுக்கப்பட்ட துல்சா நகரத் தெருக்களின் ஓசைகளைப் பதிவுசெய்து இசைக்குள் கலந்தார். கோல்டன் குளோப் விருதின் பரிந்துரைப் பட்டியல் வரை போனது அந்த இசை.

எனக்கு இதில் வியப்பே இல்லை. தைப்பூசத்தன்று தை மாத வெயிலில் டர்பன் தார்ச்சாலை கொதிக்கும். காவடி எடுத்தவருக்கு அருள் வந்துவிட்டால் நாங்கள் தப்பைப் பார்ப்பதில்லை, அவருடைய கணுக்காலைப் பார்ப்போம். கால் பின்னினால் அடியைத் தளர்த்துவோம், நிமிர்ந்தால் ஏற்றுவோம். எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பதுதான் கடைசியில் பிடிபடும் வித்தை. திரைக்கு முன்னால் உட்கார்ந்து நடிகர் முகத்தைப் பார்த்து இசை போடுகிறவரின் வேலை இதிலிருந்து எவ்வளவு தூரம்?

"அப்படியென்றால் நம் டிரம்ஸ் சிவமணி ஏன் இசையமைப்பாளராகப் பெரிதாகப் பேசப்படவில்லை?" என்று மடக்கினார் அத்தான். 2014இல் 'அரிமா நம்பி'க்கு அவர்தான் இசை. ஆனால் நம் படங்களில் பாட்டும் போட்டாக வேண்டும், கேட்பவர்கள் பாட்டை வைத்துத்தான் மதிப்பெண் போடுவார்கள். கோப்லண்டின் தலையில் அந்தச் சுமை இல்லை. அதற்காகத் தாளத்தோடு அவர் நின்றுவிடவும் இல்லை. ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதக் கற்றுக்கொண்டு, 1989இல் கிளீவ்லாந்தில் பாட்டாலேயே கதை சொல்லும் மேடை நாடகமான ஆபராவையே மேடையேற்றினார்.

அத்தான் அசையவில்லை. அக்காதான் கறிச்சட்டியை இறக்கிவைத்தபடி கேட்டாள்: "போன பூசத்தில் கோயில் படிக்கட்டில் உங்கள் கால் தடுமாறியபோது அடியைத் தளர்த்தியது யார்?"

அத்தான் ரசம் கேட்டார்.