ஒத்துழைக்காத மிஸ்ஸிமார்

நேற்றிலிருந்து எல்லோரும் பகிர்கிற அந்தப் பதிவை நானும் வாசித்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று நான் சொல்லத் தேவையில்லை. நோயாளர் விடுதியில் மருந்து கொடுப்பதைப் பதியக் கொம்பியூட்டர் பூட்டி ஆறு மாதத்தில் திட்டம் படுத்துவிட்டது. காரணம் என்று அந்தப் பதிவில் ஒரே வரி: "தாதியர் ஒத்துழைக்கவில்லை." மிஸ்ஸிமார் என்று நீங்கள் கூப்பிடுகிற நாங்கள்தான் அந்தத் தாதியர்.

சரி. திறப்பு விழாப் படத்தை ஒருக்கால் எடுத்துப் பாருங்கள். மேசையில் பதினொரு பேர், ஒரு தாதி இல்லை. குத்துவிளக்கடியில் தீப்பெட்டியோடு பாதி முகம் தெரிகிறதே, அது நான். வாங்கும்போது எங்களைக் கேட்கவில்லை. பூட்டும்போதும் கேட்கவில்லை. படுத்த பிறகு மட்டும் ஞாபகம் வருகிறது.

முப்பத்திரண்டு கட்டில். இரவில் இரண்டு மிஸ்ஸி. ஒரே ஒரு கொம்பியூட்டர், அதுவும் வாசல் மேசையில். ஒவ்வொரு மருந்துக்கும் அங்கே நடந்து, கையுறை கழற்றி, பாஸ்வேட் அடிக்க வேண்டும். ஐந்து நிமிடம் தொடாவிட்டால் தானே மூடிக்கொள்ளும், மறுபடி பாஸ்வேட். அந்த மிஸ்ஸிப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பிளாஸ்டர் துண்டில் எழுதிச் சட்டையில் ஒட்டிவைத்து, விடிய ஐந்தரைக்கு எல்லாவற்றையும் சேர்த்து அடித்தார்கள். கொம்பியூட்டர் கணக்கில் இரவு பத்து மணி மருந்து முழுக்க விடிய ஐந்தரைக்குத்தான் கொடுபட்டிருக்கிறது! பி.எச்.ரி. என்கிற நோயாளியின் கட்டில் அட்டையில் கையால் எழுதுகிற வேலையும் நிற்கவில்லை. மருந்துப் பட்டியலில் மெற்போமினும் மெற்றோனிடசோலும் கிட்டக் கிட்ட. ஒன்று சீனி வருத்தத்துக்கு, மற்றது கிருமிக்கு. தூக்கக் கண்ணில் விரல் தவறினால்? ஒரு விடுதிச் சிஸ்டரிடம் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் கேட்டிருந்தாலே இவ்வளவும் சொல்லியிருப்பா. கேட்கவில்லை.

"வயது போன சிஸ்டர்மாருக்குக் கொம்பியூட்டர் என்றால் பயம்" என்று கீழே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, 1990இல் யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்ற பிறகு, ஜாம் போத்தல் விளக்கை ஒருத்தி பிடிக்க மற்றவள் மணிக்கூட்டைப் பார்த்துச் சேலைன் துளி எண்ணின ஆட்கள் நாங்கள். அதற்குப் பிறகு மொனிற்றர் வந்தது, சிரிஞ்ச் பம்ப் வந்தது, வென்ரிலேற்றர் வந்தது. எதைக் கண்டு ஓடினோம்? எங்களிலும் இரண்டு பேர் வேண்டுமென்றே தொடவில்லை, உண்மைதான். அதை விடுங்கள்.

"திட்டக் கமிட்டியில் தாதியர் பிரதிநிதி இருந்தாவே?" என்று கேட்பீர்கள். ஓம், இருந்தா. சாமான் வந்து இறங்கிய பிறகு நடந்த மீற்றிங்குக்கு, முதல் நாள் பின்னேரம் கூப்பிட்டார்கள்.

மே 12 வந்தால் புளோரன்ஸ் நைட்டிங்கேல் படத்துக்கு மாலை போடுவீர்கள். கையில் விளக்கு இருக்கிற படம். கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயத்தைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோயால்தான் கூடச் செத்தார்கள் என்று கணக்கெடுத்து, 1858இல் நிறம் போட்டு வரைபடம் கீறிக் காட்டின மனுசியும் அவதான். அது ஒருவருக்கும் நினைவில் இல்லை. விளக்குத்தான் எங்களுக்கு.

என்னிடம் வேலை பழகின பிள்ளை ஒன்று இப்போது இங்கிலாந்தில். அங்கே தலைமைத் தாதியத் தகவல் அதிகாரி என்று ஒரு பதவியே இருக்கிறது. கொம்பியூட்டரில் புதுத் திரை எது வந்தாலும் தன் விடுதியில் முதலில் தன்னைத்தான் கேட்பார்கள் என்கிறாள். இங்கே இருந்தபோது அவளிடம் யாரும் கேட்டதென்றால், "பிள்ளை, அந்தக் கதிரையை இஞ்சால போடுறியா?" அவ்வளவுதான். அவள் போன அன்று நான் அழவில்லை என்றால் பொய்.

அந்த வரியை எழுதினவர் ஓர் இரவு எங்கள் விடுதியில் வந்து நிற்கட்டும். கையுறை தருவோம். தேத்தண்ணியும் போட்டுத் தருவோம், அதுவாவது எங்களுக்கு வரும் என்றுதானே நினைக்கிறீர்கள்.