‘ஓபாசான்’ மௌனத்தைப் பற்றிய நாவல் இல்லை

ஜப்பானிய வம்சத்துக் கனடிய எழுத்தாளர் ஜோய் கொகாவாவின் ‘ஓபாசான்’ கனடாவில் நிறையப் பள்ளிகளில் பாட நாவலாக இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது கனடா அரசு ஜப்பானிய வம்சத்தவரை ஊரைவிட்டு அகற்றி, அவர்கள் சொத்தையும் விற்றதில் சிதறிப்போன ஒரு குடும்பத்தின் கதை அது. மகளின் பன்னிரண்டாம் வகுப்புக்காக வாங்கிய பிரதியை அவளுக்கு முன்னால் நான் வாசித்து முடித்துவிட்டேன். நாவலோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. அதை வகுப்பில் நடத்துகிற விதத்தோடுதான் சண்டை. பள்ளியில் கொடுத்த கேள்விகளைப் பாருங்கள்: கல் எதன் குறியீடு? மௌனம் எதன் குறியீடு? ஓபாசானின் மௌனத்தையும் எமிலியின் பேச்சையும் ஒப்பிட்டு எழுதுக. எல்லாம் நல்ல கேள்விகள்தான். ஆனால் அந்தக் குடும்பத்தின் வீட்டை விற்றது யார், வாங்கியது யார், பணம் எங்கே போனது என்று ஒரு கேள்வி இல்லை.

வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவும் வரும், விருப்பமில்லாதவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம். நாவல் 1981இல் வெளிவந்தது. நவோமி நகானே 36 வயது ஆசிரியை. 1972இல் பெரியப்பா இசாமு இறந்துபோக, தனித்துப்போன பெரியம்மாவைப் பார்க்கப் போகிறாள். அந்தப் பெரியம்மாதான் தலைப்பில் இருக்கும் ஓபாசான். அங்கே அவளுக்காக ஒரு பொதி இருக்கிறது. சின்னம்மா எமிலி சேர்த்துவைத்த நாட்குறிப்பு, கடிதங்கள், பத்திரிகைத் துணுக்குகள், அரசாங்கப் பதில்கள். வன்கூவரில் இருந்த வீடு, குடும்பம் கட்டிய படகு, அப்பா, அம்மா என்று ஒவ்வொன்றும் எப்படிக் கைவிட்டுப் போனது என்பது அந்தக் காகிதங்கள் வழியாகத் திரும்பி வருகிறது. அம்மா 1941இல் பாட்டியுடன் ஜப்பானுக்குப் போனவள். திரும்பவே இல்லை. நாகசாகிக் குண்டில் அவளுக்கு என்ன ஆனது என்பதைப் பிள்ளைகளின் நன்மைக்காக என்று சொல்லிப் பெரியவர்கள் கடைசிவரை மறைத்துவிட்டார்கள்.

இதில் மௌனம் இருக்கிறது, யார் இல்லையென்றது? ஆனால் முழு நாவலையும் அந்த ஒற்றை ஆணியில் மாட்டிவிட்டால் ஒரு தந்திரம் நடந்துவிடுகிறது. “ஜப்பானியர்கள் இயல்பிலேயே பேசாதவர்கள், வலியை விழுங்கிக்கொள்பவர்கள்” என்ற முடிவோடு மாணவர்கள் எழுந்து போகிறார்கள். தவறு செய்தவன் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறான், தவறுக்கு ஆளானவளின் குணம் ஆராய்ச்சிப் பொருளாகிவிடுகிறது.

உண்மையில் அவர்கள் பேசாமல் இருந்தார்களா என்ன? எமிலி என்ற பாத்திரம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. மியூரியல் கிட்டகாவா என்ற எழுத்தாளர் 1941, 42இல் டொரண்டோவில் படித்துக்கொண்டிருந்த தம்பிக்கு எழுதிய உண்மையான கடிதங்களை வைத்துத்தான் எமிலியின் பகுதிகளை கொகாவா எழுதினார். அவர் மட்டுமில்லை. தங்கள் வீடும் கடையும் தோட்டமும் விற்கப்பட்டது தெரிந்ததும் சொந்தக்காரர்கள் அரசாங்கத்துக்கு எழுதிய எதிர்ப்புக் கடிதங்கள் 300 அளவில் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. விக்டோரியா பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டம் ஒன்று அவற்றை வெளியே கொண்டுவந்தது. கோபம், கணக்கு, கெஞ்சல், சட்டவாதம் எல்லாம் அவற்றில் உண்டு. அரசாங்கத்திடமிருந்து போனதோ பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த பதில்கள். மௌனம் எந்தப் பக்கம் இருந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது தேதிகளுக்கு வருகிறேன். இந்த நாவலைத் தேதிகளோடு வாசிக்காவிட்டால் பாதி வாசித்ததாகத்தான் அர்த்தம்.

1941 டிசம்பர் 7, அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது. உடனே ஜப்பானிய வம்சத்தவரின் சுமார் 1,200 மீன்பிடிப் படகுகளைக் கனடா அரசு கைப்பற்றியது. 1942 பிப்ரவரி 24இல் அமைச்சரவை ஆணை வந்தது. கனடாவின் மேற்கோர மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரையிலிருந்து 100 மைல் தூரத்துக்குள் ஜப்பானிய வம்சத்தவர் எவரும் இருக்கக்கூடாது. ஏறத்தாழ 22,000 பேர், பெரும்பாலோர் கனடாவிலேயே பிறந்தவர்கள். வன்கூவரின் ஹேஸ்டிங்ஸ் பார்க்கில் பொருட்காட்சிக்குக் கால்நடைகளைக் கட்டிவைக்கும் கொட்டகைகளில் பெண்களையும் பிள்ளைகளையும் அடைத்தார்கள். ஆண்கள் சாலை போடும் முகாம்களுக்குப் போனார்கள். குடும்பங்கள் மலைக்கு உள்ளே ஸ்லோகன், நியூ டென்வர், சாண்டன் போன்ற, சுரங்கம் வற்றிப் பாழடைந்து கிடந்த ஊர்களுக்கு அனுப்பப்பட்டன. இதெல்லாம் பாதுகாப்புக்காக என்றார்கள். ஆனால் காவல்துறைத் தலைமையும் ராணுவத்தின் மூத்த அதிகாரிகளும் இது தேவையில்லை என்றே சொல்லியிருந்தார்கள். ஒருவர்மீதும் நாசவேலைக் குற்றம் சாட்டப்படவில்லை என்பதை 1944 ஆகஸ்டில் பிரதமர் மெக்கென்சி கிங்கே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

சரி, பயத்தில் செய்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 1943 ஜனவரியில் வந்த ஆணைக்கு என்ன பயம் காரணம்? ‘எதிரிச் சொத்துப் பாதுகாவலர்’ என்ற அலுவலகத்திடம் பத்திரமாக இருக்கட்டும் என்று ஒப்படைத்த வீடு, படகு, நிலம், தையல் இயந்திரம், பியானோ எல்லாவற்றையும் சொந்தக்காரரின் சம்மதமில்லாமலே விற்கலாம் என்றது அந்த ஆணை. விற்ற பணத்திலிருந்து முகாமில் அவர்களுக்கு ஆகும் செலவையே கழித்துக்கொண்டார்கள். சிறைச் செலவைக் கைதியின் வீட்டை விற்றுக் கட்டிய கதை. ஃபிரேசர் பள்ளத்தாக்கில் அவர்கள் காடு திருத்தி உருவாக்கிய நூற்றுக்கணக்கான பழத்தோட்டங்கள், போரிலிருந்து திரும்பப்போகும் சிப்பாய்களுக்குக் கொடுக்கவென்று மொத்தமாக வாங்கப்பட்டன. இதற்கெல்லாம் முன்னணியில் நின்ற அமைச்சர் இயன் மெக்கென்சி, “ராக்கி மலையிலிருந்து கடல்வரை ஒரு ஜப்பானியன்கூட இருக்கக்கூடாது” என்பதைத் தேர்தல் கோஷமாகவே வைத்திருந்தவர்.

அப்புறம் போர் முடிந்தது. மற்றவர்களுக்குத்தான் முடிந்தது. ராக்கிக்குக் கிழக்கே போ, இல்லையென்றால் ஜப்பானுக்குப் போ என்றார்கள். ஏறத்தாழ 4,000 பேர் கப்பலேறினார்கள், அவர்களில் பாதிக்கு மேல் ஜப்பானைக் கண்ணாலும் கண்டிராத, கனடாவில் பிறந்தவர்கள். கரைக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது 1949 ஏப்ரல் 1இல். போர் முடிந்து மூன்றரை ஆண்டுகளுக்குப் பிறகு! அமெரிக்காவிலும் 1,20,000 பேர் அளவில் முகாம்களுக்குப் போனார்கள், அந்தக் கொடுமை சின்னதல்ல. ஆனால் அங்கே 1945 ஜனவரியிலேயே கரைக்குத் திரும்பும் தடை நீங்கியது, அரசாங்கமே முன்நின்று வீடுகளை விற்கவும் இல்லை. கனடா எப்போதும் அமெரிக்காவைவிட மென்மையான நாடு என்று நாம் இங்கே பேசிக்கொள்வது ஒரு வழக்கம், அதனால் சொல்கிறேன்.

கொகாவா இதை எவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறார் பாருங்கள். நாவலில் மிகவும் கொடுமையான பகுதி முகாம் அல்ல. ஸ்லோகனில் காடு இருக்கிறது, ஏரி இருக்கிறது, பக்கத்து வீட்டார் இருக்கிறார்கள். உண்மையான நரகம் 1945இல், அல்பேர்ட்டாவின் பீட் கிழங்குத் தோட்டத்தில்தான் தொடங்குகிறது. சீனிக்காக விளைவிக்கும் கிழங்கு அது. ஒற்றை அறைக் குடிசை, கோடையில் சூளை, குளிரில் பனிக்கட்டி, சுவரெல்லாம் மூட்டைப்பூச்சி. எமிலியின் பொதியில் ஒரு பத்திரிகைத் துணுக்கு இருக்கிறது: கிழங்கு வேலையில் இடம்பெயர்ந்தவர்கள் சிரித்த முகத்தோடு நிற்கிறார்களாம், விளைச்சலும் பிரமாதமாம். அதைப் பார்த்ததும் நவோமிக்கு ஒரு வெடிப்பு வருகிறது. அதுவரை அடங்கிய குரலில் போன நாவல் அந்த இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறது. அந்த அத்தியாயத்தை மட்டும் நான் நின்று நின்று திரும்ப வாசித்தேன். போர்க்கால வெறி, அந்த நேரத்து உணர்ச்சிவேகம் என்று சொல்லும் எவருக்கும் அந்த ஓர் அத்தியாயம் பதில். வெறி தணிந்த பிறகும் கோப்புகள் நகர்ந்துகொண்டே இருந்தன.

இன்னொரு சின்ன இடம். நவோமியின் அண்ணன் ஸ்டீபனிடம் ‘மஞ்சள் அபாயம்’ என்று ஒரு பலகை விளையாட்டு இருக்கிறது. கிழக்காசியர்களை ஆபத்தாகக் காட்ட மேற்கில் வழங்கிய இனவெறிச் சொல் அது. மூன்று பெரிய நீலக் காய்கள், ஐம்பது பொடி மஞ்சள் காய்கள். கனடாவில் தயாரித்தது என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. வகுப்பில் இதைக் குறியீடு என்று கடந்துவிடுவார்கள். எனக்கு அது குறியீடாகவே தோன்றவில்லை. ஒரு தொழிற்சாலை செய்து, ஒரு கடை விற்று, ஒரு வீடு வாங்கிய சரக்கு என்றுதான் அதை வாசிக்க வேண்டும்.

இதை எழுதும்போதே வரப்போகும் பின்னூட்டம் எனக்குத் தெரியும். “சயாம் மரண ரயிலில் ஜப்பான்காரன் நம் ஆட்களை என்ன பாடு படுத்தினான், தெரியாதா?” தெரியும். போர்க்காலத்தில் சயாம்-பர்மா ரயில்பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழ்க் கூலிகள் ஆயிரக்கணக்கில் அந்தத் தண்டவாளத்தில் செத்தார்கள், அதற்கு ஜப்பானிய ராணுவம் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்டீவ்ஸ்டன் கரையில் சால்மன் பிடித்துக்கொண்டிருந்தவருக்கும் அந்த ராணுவத்துக்கும் என்ன தொடர்பு? முகத்தைத் தவிர? அப்படி முகத்தைப் பார்த்துக் கணக்குத் தீர்க்கலாம் என்றால், அதே பிரிட்டிஷ் கொலம்பியா 1895இல் ஜப்பானியருக்கும் 1907இல் இந்தியருக்கும் வாக்குரிமையைப் பறித்ததையும் நியாயம் என்று ஏற்கவேண்டியிருக்கும். நம் முகங்களுக்கு அது திரும்பக் கிடைத்தது 1947இல், அவர்களுக்கு 1949இல்.

1988 செப்டம்பர் 22இல் பிரதமர் பிரையன் மல்ரோனி மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலா 21,000 டாலர் அறிவித்தார். அன்று அவையில் புதிய ஜனநாயகக் கட்சித் தலைவர் எட் பிராட்பென்ட் இந்த நாவலிலிருந்து ஒரு பகுதியை வாசித்தார். இலக்கியத்துக்கு அப்படியொரு நாள் எப்போதாவதுதான் வாய்க்கும். ஆனால் அந்தக் காட்சியும் பாடத்தில் ஒரு சௌகரியமாகிவிட்டது. தவறு, நாவல், மன்னிப்பு, முடிந்தது.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. நாவலோடு அந்த எதிர்ப்புக் கடிதங்களில் நான்கைந்தைச் சேர்த்துக் கொடுங்கள். 1943 ஆணையைப் பக்கத்தில் வையுங்கள். முக்கியமாக, புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் பின்னிணைப்பு என்று நினைத்துத் தாண்டாதீர்கள். நாவல் நவோமியின் குரலோடு முடியவில்லை. நாடுகடத்தும் ஆணைகளை எதிர்த்து 1946 ஏப்ரலில் டொரண்டோக் குழு ஒன்று நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த மனுவோடு முடிகிறது. அரசு செய்வது நாஜிகளின் வழிமுறை என்று முகத்துக்கு நேரே சொல்லும் மனு அது. கொகாவா அதை அங்கே தெரியாமல் வைக்கவில்லை. உரக்க வாசிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது.